பவர்ஷெல்ல எடுத்த பேக்கப் திறக்கல: விண்டோஸ்ல எஸ்எஸ்ஹெச் கமாண்ட் ஏன் இடத்துக்கு இடம் மாறுது

விண்டோஸ் லேப்டாப்ல இருந்து லினக்ஸ் சர்வருக்கு எஸ்எஸ்ஹெச் (தூரத்துல இருக்கற சர்வருக்குள்ள போய் கமாண்ட் ஓட்டற புரோகிராம்) போட்டு வேலை பாக்குறவங்க, அதுவும் பக்கத்துல கேக்க ஆள் இல்லாம தனியா சமாளிக்கறவங்க, இதை தயவு செஞ்சு முழுசா படிச்சிருங்க. ஒரே கமாண்ட், ஒரே சர்வர், ஒரே யூசர், ஆனா எந்த விண்டோல டைப் பண்றோம்ங்கறதை பொறுத்து ரிசல்ட் மாறும். எரர் வந்து நின்னா பரவாயில்ல, அங்கயே முழிச்சுக்குவோம். எரரே இல்லாம, எல்லாம் சரியா முடிஞ்ச மாதிரி தப்பா முடியும் பாருங்க, அதுதான் ஆளை சாய்ச்சிடும். எனக்கு அப்படி நடந்ததுல கைக்காசு கிட்டத்தட்ட 40,000 ரூபா போச்சு, அந்த மாசம் பூரா தூக்கமும் போச்சு. அப்ப யாராவது ஒருத்தர் இதை சொல்லியிருந்தா எவ்வளவோ நல்லா இருந்திருக்கும்.

திருப்பூர்ல ஒரு சின்ன பனியன் யூனிட்டுக்கு பில்லிங், ஸ்டாக் ரெண்டும் பாக்குற சாஃப்ட்வேரை நான்தான் பார்ட் டைமா கவனிச்சுக்கறேன். வாடகைக்கு எடுத்த ஒரு லினக்ஸ் சர்வர், அதுல மைஎஸ்க்யூஎல், மேல ஒரு ஜாவா ஆப், அவ்வளவுதான். எனக்கு முன்னாடி பாத்துட்டு இருந்த அண்ணன் வெளிநாடு போறப்ப தினமும் போட வேண்டிய கமாண்ட் எல்லாத்தையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதி குடுத்துட்டு போனார். ரொம்ப பொறுப்பான மனுஷர், ஒவ்வொரு லைனுக்கும் மேல இது எதுக்குன்னு ஒரு வரி எழுதியிருப்பார். ஆனா அது எல்லாமே கிட் பாஷ்ல (கிட் கூட விண்டோஸ்ல வர்ற, லினக்ஸ் மாதிரியே கமாண்ட் எடுத்துக்கற விண்டோ) ஓட்டிப் பாத்து எழுதின லைன், அந்த ஒரு விவரம் மட்டும் ஃபைல்ல எங்கயும் இல்ல. லினக்ஸ் கமாண்ட்தானே, எதுல போட்டா என்னன்னுதான் யாரும் நினைப்பாங்க.

முதல்ல சிஎம்டியை, அதாவது விண்டோஸோட பழைய கமாண்ட் விண்டோவை, திறந்துதான் ஆரம்பிச்சேன். ஆப் ஓடுதான்னு பாக்க ஒரு லைன் இருந்தது, சர்வர்ல ஓடுற ப்ராசஸ் லிஸ்ட்டை எடுத்து பைப் (ஒரு கமாண்டோட அவுட்புட்டை அடுத்ததுக்கு குடுக்கற செங்குத்து கோடு) போட்டு, கிரெப்ங்கற தேடுற கமாண்ட்ல ஜாவான்னு தேடுறது, மொத்தமும் சிங்கிள் கோட்டுக்குள்ள (ஒற்றை மேற்கோள் குறி). போட்ட உடனே கிரெப்னு ஒரு கமாண்டே இல்லன்னு எரர். லினக்ஸ் சர்வர்ல கிரெப் இல்லாம எப்படி இருக்கும்னு மண்டை காஞ்சு போச்சு. விஷயம் என்னன்னா அந்த எரர் சர்வர்ல இருந்தே வரல, என் லேப்டாப்ல இருந்து வந்தது. சிஎம்டிக்கு சிங்கிள் கோட்ங்கறது சாதாரண எழுத்து மாதிரி, அதுக்குள்ள இருக்கறதை அது காப்பாத்தாது. அதனால பைப் குறியை பாத்ததும் லைனை அங்கயே ரெண்டா வெட்டி, இடது பக்கத்தை மட்டும் எஸ்எஸ்ஹெச் கிட்ட குடுத்து, வலது பக்கத்தை இங்கயே விண்டோஸ்ல ஓட்டப் பாத்திருக்கு. கிரெப் விண்டோஸ்ல இல்லாததால எரர் வந்து விஷயம் வெளிய தெரிஞ்சது. சார்ட், ஃபைண்ட் ரெண்டும் விண்டோஸ்லயும் இருக்கே, ஃபைண்ட் வேற ஒரு வேலை செய்ற கமாண்டாவே இருக்கு, அது இருந்திருந்தா சம்பந்தமே இல்லாத ஒரு எரரை வச்சுக்கிட்டு சர்வரை குடைஞ்சுட்டு இருந்திருப்பேன். ஆம்பர்சேண்ட் குறிக்கும் இதே கதைதான். சிஎம்டில எழுதுறதா இருந்தா டபுள் கோட் மட்டும்தான் போடணும், இதை மனசுல வச்சுக்கோங்க.

சரி சிஎம்டி பழசு, பவர்ஷெல்தான் புதுசுன்னு அதுக்கு மாறினேன். அங்க சிங்கிள் கோட் கரெக்டா வேலை செஞ்சது, கிரெப் லைன் அப்படியே ஓடிச்சு, நிம்மதியா இருந்தது. டபுள் கோட் போட்ட லைன் மட்டும் சிலது இடக்கு பண்ணிச்சு. டேட்டாபேஸ் பாஸ்வேர்டுல ஒரு டாலர் குறி இருந்தது, பவர்ஷெல் அதை தன்னோட வேரியபிள்னு நினைச்சு காலியாக்கி அனுப்பிடுச்சு, சர்வர் ஆக்சஸ் டினைட்னு சொல்லிச்சு. கிட் பாஷ்லயும் டபுள் கோட்டுக்குள்ள டாலர் இங்கயே விரியும், சிஎம்டி மட்டும் டாலரை தொடாது. சிங்கிள் கோட்டுக்கு மாத்தினதும் அதுவும் சரியாச்சு. அப்புறம் அண்ணன் எழுதின பேக்கப் லைன். சர்வர்ல டேட்டாபேஸை டம்ப் எடுத்து (மொத்த டேட்டாவையும் ஒரே டெக்ஸ்ட்டா), அங்கயே ஜிசிப்ல சுருக்கி, அந்த அவுட்புட்டை எஸ்எஸ்ஹெச் வழியா இங்க கொண்டு வந்து கிரேட்டர் தேன் குறி போட்டு லேப்டாப்ல ஃபைலா சேவ் பண்றது. ஓடிச்சு. எரர் ஒண்ணும் இல்ல. ஃபைல் வந்தது, சைஸும் நல்லா கனமாவே இருந்தது. தினமும் சாயங்காலம் யூனிட்ல கணக்கு முடிச்சதும் அந்த லைனை போட்டுட்டு, தேதி வாரியா ஃபைல் அடுக்கி வச்சுட்டு இருந்தேன்.

ஒரு நாள் காலையில யூனிட்ல இருந்து ஃபோன், பில் போட முடியலன்னு. சர்வர் இருந்த இடத்துல டிஸ்க் போயிடுச்சு, அவங்ககிட்ட இருந்த ஸ்னாப்ஷாட் ரொம்ப பழசு. ஓனர் கிட்ட, ஐயா கவலைப்படாதீங்க, நேத்து சாயங்காலம் வரைக்கும் பேக்கப் என்கிட்ட இருக்கு, மதியத்துக்குள்ள ஏத்திடறேன்னு சொன்னேன். அதை சொல்லிட்டு புது சர்வர்ல ஃபைலை ஏத்தி திறந்தா, இது ஜிசிப் ஃபார்மட்லயே இல்லன்னு சொல்லுது. முந்தின நாள் ஃபைலை எடுத்தேன், அதுவும் அப்படியே. அதுக்கு முந்தினதும் அதேதான். ஒண்ணு விடாம எல்லா ஃபைலும் ஒரே மாதிரி கெட்டு போயிருந்தது. அப்ப வயித்துல ஒரு பயம் வந்தது பாருங்க, இப்ப நினைச்சாலும் கை சில்லுனு ஆகுது. ஓனர் என்னை திட்டல, அதுதான் இன்னும் கஷ்டமா இருந்தது.

ஹெக்ஸ் எடிட்டர்ல ஃபைலை திறந்து பாத்தப்பதான் கண்ணுல பட்டது. ஜிசிப் ஃபைல்னா முதல் ரெண்டு பைட் 1எஃப் 8பின்னு இருக்கணும். என் ஃபைல்ல எஃப்எஃப் எஃப்இன்னு இருந்தது. அது யுடிஎஃப்-16 டெக்ஸ்ட் ஃபைலோட அடையாளம். விண்டோஸ் கூடவே வர்ற பவர்ஷெல் 5.1 ஒரு வெளி புரோகிராமோட அவுட்புட்டை பைட்டா பாக்காது, எழுத்தா பாக்கும். வர்ற ஒவ்வொரு பைட்டையும் கன்சோலோட கோட் பேஜ் (எந்த பைட் எந்த எழுத்துங்கற பட்டியல்) வச்சு எழுத்தா மாத்தி, வரி வரியா பிரிச்சு, கிரேட்டர் தேன் குறி போட்டா அதை யுடிஎஃப்-16ல எழுதி சேவ் பண்ணும். அதனாலதான் சைஸ் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, நான் கனமா இருக்குன்னு நினைச்சது அதைத்தான். திருப்பி மாத்திடலாம்னு எழுத்தை மறுபடி பைட்டாக்க ஸ்கிரிப்ட் எழுதிப் பாத்தேன், டேட்டா ரெகவரி பண்றவர் ஒருத்தர்கிட்டயும் 6,000 ரூபா குடுத்துப் பாத்தேன். முடியல. காரணம் வரி முடிவு. வரி முடிவை குறிக்கற 0ஏ பைட் நடுவுல தனியா வந்தாலும், 0டி தனியா வந்தாலும், ரெண்டும் சேந்து வந்தாலும் பவர்ஷெல் எல்லாத்தையும் ஒரே மாதிரி 0டி 0ஏ ஜோடியாத்தான் எழுதும். எது முதல்ல எப்படி இருந்ததுன்னு பின்னாடி சொல்லவே முடியாது. கம்ப்ரெஸ் பண்ண ஃபைல்ல அது ஒண்ணு போதும், கதை முடிஞ்சது.

என்னால தாங்க முடியாத விஷயம், அதே லைனை டபுள் கோட் போட்டு நான் ஒதுக்கி வச்ச பழைய சிஎம்டில ஓட்டியிருந்தா ஃபைல் ஒழுங்கா வந்திருக்கும். சிஎம்டி கிரேட்டர் தேன் குறி போட்டா ஃபைலை நேரா எஸ்எஸ்ஹெச் கையில குடுத்துட்டு ஒதுங்கிக்கும், நடுவுல படிக்காது. கிட் பாஷும் அப்படித்தான். பவர்ஷெல்லயும் 7.4ல இருந்து, அதாவது 2023 நவம்பருக்கு அப்புறம் வந்ததுல, பைட்டை அப்படியே விடுற மாதிரி மாத்திட்டாங்க. ஆனா அந்த 7 தனியா இன்ஸ்டால் பண்ணனும், விண்டோஸ் 11லயும் தானா கூட வர்றது 5.1தான். உங்ககிட்ட எது இருக்குன்னு தெரியலைன்னா டாலர் போட்டு பிஎஸ்வெர்ஷன்டேபிள்னு அடிச்சா சொல்லிடும்.

அந்த மாசம் நடந்தது சுருக்கமா சொல்றேன். கையில உருப்படியா இருந்தது, அண்ணன் போறதுக்கு முன்னாடி கம்ப்ரெஸ் பண்ணாம எடுத்து வச்சிருந்த ஒரு பழைய டம்ப் மட்டும். அதை ஏத்துறதுலயும் ஒரு அடி. பவர்ஷெல்ல லெஸ் தேன் குறி வச்சு ஃபைலை உள்ள குடுக்க முடியாது, அது ரிசர்வ்டுன்னு சொல்லிடும். சரின்னு கெட்-கன்டென்ட்ல படிச்சு எஸ்எஸ்ஹெச்சுக்கு பைப் பண்ணேன். ஏறிடுச்சு. திறந்து பாத்தா பார்ட்டி பேர் தமிழ்ல இருந்தது மொத்தமும் கேள்விக்குறி, ஒவ்வொரு எழுத்துக்கும் குறைஞ்சது மூணு கேள்விக்குறி வரிசையா நிக்குது. 5.1 வெளி புரோகிராமுக்கு பைப் பண்றப்ப டீஃபால்ட்டா ஆஸ்கி எழுத்து (வெறும் ஆங்கில எழுத்து, எண், குறி) மட்டும்தான் அனுப்பும், தமிழ் எழுத்து யுடிஎஃப்-8ல மூணு பைட், மூணும் கேள்விக்குறியாயிடும். மறுபடி எல்லாத்தையும் அழிச்சுட்டு, ஃபைலை எஸ்சிபில (எஸ்எஸ்ஹெச் வழியா ஃபைல் காப்பி பண்ற கமாண்ட்) சர்வருக்கு காப்பி பண்ணி அங்கயே ஏத்தினப்பதான் பேரெல்லாம் பேரா வந்தது. அந்த டம்ப்புக்கு அப்புறம் வந்த பில்லை எல்லாம் டூப்ளிகேட் புக்கை பாத்து திருப்பி அடிக்க ரெண்டு பேரை உக்கார வச்சோம், 11ஆம் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை ரிட்டர்ன்) போடணுமே. முந்தின மாசங்களுக்கு ஏற்கனவே போர்டல்ல ஏத்தின ரிட்டர்ன்ல இருந்து பில் நம்பர், தொகை வரைக்கும் எடுக்க முடிஞ்சது, அது ஒரு பெரிய உதவி. ஆனா ஸ்டாக் கணக்கு அதுல வராது, குடோன்ல போய் எண்ணித்தான் எடுத்தோம். டைப் பண்ணவங்களுக்கு சம்பளம், ரெகவரி செலவு, புது சர்வர் எல்லாம் சேத்துதான் மேல சொன்ன தொகை. நான் ரெண்டு மாச சம்பளமும் வாங்கல.

அதுக்கு அப்புறம் இதை விடக்கூடாதுன்னு உக்காந்து ஒவ்வொண்ணா ஓட்டிப் பாத்தேன். எனக்கு புரிஞ்சதை சொல்றேன். நாம டைப் பண்ற லைன் நேரா சர்வருக்கு போறதில்ல, கல்யாண வீட்டுல ஆள் மாத்தி ஆள் சொல்லி அனுப்புற சேதி மாதிரி போகுது. முதல்ல ஜன்னல், அதாவது விண்டோஸ் டெர்மினல் மாதிரி எழுத்தை காட்டுறது. அது பெருசா எதையும் மாத்தாது, ஒரே விண்டோஸ் டெர்மினல்ல ஒரு டேப்ல சிஎம்டி, இன்னொரு டேப்ல பவர்ஷெல், இன்னொண்ணுல உபுண்டு ஓடலாம், பாக்க ஒரே மாதிரி இருக்கும், அங்கதான் ஏமாறுறோம். அதுக்குள்ள இருக்கற ஷெல்தான் முதல்ல லைனை படிக்குது, கோட்டையும் டாலரையும் பைப்பையும் தன் இஷ்டப்படி பிரிக்குது. அடுத்தது எஸ்எஸ்ஹெச் புரோகிராம், மிச்சம் இருக்கற வார்த்தைகளை நடுவுல ஸ்பேஸ் விட்டு ஒட்டி ஒரே லைனா சர்வருக்கு அனுப்புது. கடைசியா சர்வர்ல இருக்கற பாஷ் அதை திரும்பவும் மொதல்ல இருந்து படிக்குது. ஆக ஒரே லைனை ரெண்டு பேர் படிக்கறாங்க, முதல் ஆள் யாருங்கறதுதான் எல்லா குழப்பத்துக்கும் காரணம். பவர்ஷெல்ல சிங்கிள் கோட்டுக்குள்ள டபுள் கோட் வச்சு அனுப்பினாகூட 5.1 வெளி புரோகிராமுக்கு குடுக்கறப்ப உள்ள இருக்கற டபுள் கோட்டை விழுங்கிடும், முன்னாடி பேக்ஸ்லாஷ் போட்டாதான் தப்பிக்கும். 7.3ல இருந்து இதை சரி பண்ணிட்டாங்க.

ஷெல் மட்டும் இல்ல, எஸ்எஸ்ஹெச் புரோகிராமே ஒண்ணுக்கு மேல இருக்கும், இது பல பேருக்கு தெரியாது. 2018ல இருந்து விண்டோஸ் 10 கூடவே ஓபன்எஸ்எஸ்ஹெச் வருது, சிஸ்டம்32 ஃபோல்டருக்குள்ள ஓபன்எஸ்எஸ்ஹெச்னு தனி ஃபோல்டர். கிட் இன்ஸ்டால் பண்ணா அது தனக்குன்னு ஒண்ணு கொண்டு வரும். டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள்ளயே லினக்ஸ் ஓட்டற வசதி) உள்ள இருக்கற உபுண்டுக்கு இன்னொண்ணு. புட்டிங்கற தனி எஸ்எஸ்ஹெச் புரோகிராம் முழுக்க வேற ஜாதி, அது லாகின் கீயை பிபிகே ஃபைலா கேக்கும், சர்வரோட அடையாளத்தை ரெஜிஸ்ட்ரில வச்சுக்கும், மத்ததெல்லாம் சர்வர் அடையாளத்தை வைக்கற நோன் ஹோஸ்ட்ஸ் ஃபைலை திரும்பியும் பாக்காது. எது ஓடுதுன்னு கண்டுபிடிக்க சிஎம்டில வேர் எஸ்எஸ்ஹெச்னு அடிங்க. பவர்ஷெல்ல வெறும் வேர்னு அடிச்சா அது வேற ஒரு கமாண்டோட சுருக்கம், ஒண்ணும் சொல்லாம திரும்பிடும், பின்னாடி டாட் இஎக்ஸ்இ சேத்து அடிக்கணும். கிட் பாஷ்ல டைப் மைனஸ் ஏ எஸ்எஸ்ஹெச்னு அடிங்க. அப்புறம் எஸ்எஸ்ஹெச் பெரிய எழுத்து மைனஸ் வி போட்டா வெர்ஷன் தெரியும், விண்டோஸோடதுல ஃபார் விண்டோஸ்னு பேர்லயே இருக்கும். வெர்ஷன் ஏன் முக்கியம்னா, 2021ல வந்த ஓபன்எஸ்எஸ்ஹெச் 8.8ல பழைய ஷா-1 வகை ஆர்எஸ்ஏ டிஜிட்டல் கையெழுத்தை டீஃபால்ட்டா நிறுத்திட்டாங்க. பழைய சர்வர் ஒண்ணுக்கு பவர்ஷெல்ல கனெக்ட் ஆகி, கிட் பாஷ்ல மட்டும் மேட்சிங் ஹோஸ்ட் கீ இல்லன்னு வந்தா சர்வர் மேல சந்தேகப்படாதீங்க, ரெண்டு எஸ்எஸ்ஹெச்சோட வயசை முதல்ல பாருங்க.

கீ விஷயத்துல நான் அனுபவிச்சதையும் சொல்லிடறேன். பவர்ஷெல்ல எஸ்எஸ்ஹெச்-ஆட் போட்டு கீயை ஏத்தியாச்சு, சர்வருக்கு பாஸ்ஃப்ரேஸ் கேக்காம போகுது, ஆனா அதே விண்டோல கிட் புஷ் பண்ணா மட்டும் பாஸ்ஃப்ரேஸ் கேக்குது. விண்டோஸோட ஏஜென்ட் (ஏத்தின கீயை ஞாபகம் வச்சுக்கற புரோகிராம்) ஒரு சர்வீஸா ஓடுது, கிட்டோட எஸ்எஸ்ஹெச்சுக்கு அது இருக்கறதே தெரியாது. கிட் கான்ஃபிக்ல கோர் டாட் எஸ்எஸ்ஹெச்கமாண்ட்ங்கறதுல விண்டோஸ் எஸ்எஸ்ஹெச்சோட முழு பாத் குடுத்ததும் சரியாச்சு. டபிள்யூஎஸ்எல்ல சி டிரைவ்ல இருக்கற கீயை நேரா எடுத்தா பெர்மிஷன் 0777, ரொம்ப திறந்து கிடக்குன்னு மறுத்துடும், சிஹெச்மாட் போட்டாலும் வழக்கமான செட்டிங்ல மாறாது, கீயை லினக்ஸ் ஹோமுக்கு காப்பி பண்ணிட்டு அங்க 600 குடுங்க. கிட் பாஷோட எஸ்சிபில சி கோலன்னு டிரைவ் பேர் போட்டா சிங்கற பேர்ல ஒரு சர்வரை தேடப் போயிடும், அங்க ஸ்லாஷ் சி ஸ்லாஷ்னு எழுதணும். இதுக்கு நேர் எதிரா, கிட் இன்ஸ்டால் பண்றப்ப வெளிய இருக்கற ஓபன்எஸ்எஸ்ஹெச்சை உபயோகின்னு டிக் பண்ணியிருந்தா, கிட் பாஷ் ஸ்லாஷ்ல ஆரம்பிக்கற லினக்ஸ் பாத்தை விண்டோஸ் பாத்தா மாத்தி அனுப்பும். சர்வர்ல வார் லாக் ஃபோல்டரை லிஸ்ட் பண்ண சொன்னா, சி கோலன் ஸ்லாஷ் புரோகிராம்னு ஒரு ஃபைலே இல்லன்னு லினக்ஸ் சர்வர் பதில் சொல்லுது. ரிமோட் கமாண்ட் முழுசையும் கோட்டுக்குள்ள ஒரே துண்டா வச்சு, அது ஸ்லாஷ்ல ஆரம்பிக்காம பாத்துக்கிட்டா பெரும்பாலும் இது வராது. எம்எஸ்ஒய்எஸ் அண்டர்ஸ்கோர் நோ அண்டர்ஸ்கோர் பாத்கன்வ்ங்கற வேரியபிளை 1னு வச்சாலும் நிக்கும்.

இன்னொரு பொறி பேட்ச் ஃபைல். பேக்கப்பை தானா ஓட வைக்கலாம்னு சிஎம்டில லைனை ஓட்டிப் பாத்து, ஃபைல் பேர்ல தேதி கரெக்டா விழுதுன்னு உறுதி பண்ணிட்டு, அதையே பேட் ஃபைலா சேவ் பண்ணி டாஸ்க் ஷெட்யூலர்ல போட்டேன். மறுநாள் பாத்தா ஃபைல் பேர்ல தேதி இருக்க வேண்டிய இடத்துல வெறும் எம், டின்னு ரெண்டு எழுத்து. சர்வர்ல தேதி எடுக்க பெர்சன்ட் ஒய், பெர்சன்ட் எம், பெர்சன்ட் டின்னு எழுதுவோம்ல, கையால டைப் பண்றப்ப சிஎம்டி அதை தொடாது, ஆனா பேட் ஃபைலுக்குள்ள ரெண்டு பெர்சன்ட்டுக்கு நடுவுல இருக்கறதை வேரியபிள்னு எடுத்து காலியாக்கிடும். கவனிக்காம விட்டிருந்தா ஒவ்வொரு ராத்திரியும் அதே ஃபைல் மேலயே எழுதிட்டு இருந்திருக்கும். பேட் ஃபைல்ல ஒவ்வொரு பெர்சன்ட்டையும் ரெண்டு தடவை போடணும். டாஸ்க்கை சிஸ்டம் அக்கவுண்ட்ல ஓட விட்டா அதுக்கு ஹோம் ஃபோல்டரே வேற, உங்க கீ அதுக்கு கிடைக்காது, அதனால உங்க யூசர் பேர்லயே ஓட விடுங்க.

இப்ப நான் செய்யறது இதுதான். பேக்கப்பை எஸ்எஸ்ஹெச் அவுட்புட்ல இருந்து கிரேட்டர் தேன் குறி போட்டு எடுக்கறதே இல்ல, எந்த ஷெல்லா இருந்தாலும். சர்வர்ல ஒரு சின்ன ஸ்கிரிப்ட் இருக்கு, டம்ப், கம்ப்ரெஷன், தேதி எல்லாம் அங்கயே நடக்கும், கோட், டாலர், பைப், பெர்சன்ட் ஒண்ணும் விண்டோஸ் பக்கம் வராது. இங்க இருந்து அந்த ஸ்கிரிப்ட் பேரை மட்டும் கூப்பிட்டு, முடிஞ்சதும் ஃபைலை எஸ்சிபில இறக்கறேன், எஸ்சிபி பைட்டை பைட்டாவே கொண்டு வரும். அந்த ஸ்கிரிப்ட்டை விண்டோஸ்ல எழுதினா, வரி முடிவை எல்எஃப்னு (லினக்ஸ் வகை, வெறும் 0ஏ) சேவ் பண்ண முடியற எடிட்டர்ல எழுதுங்க, இல்லன்னா பாஷ் பேக்ஸ்லாஷ் ஆர் கமாண்ட் இல்லன்னு கத்தும். இறக்கின ஃபைலை கிட் பாஷ்ல ஜிசிப் மைனஸ் டி (டெஸ்ட்ங்கற வார்த்தையோட முதல் எழுத்து) போட்டு சோதிக்கறேன், ஒண்ணும் சொல்லலைன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம். வாரத்துக்கு ஒரு தடவை அதை லேப்டாப்ல ஒரு காலி டேட்டாபேஸ்ல ஏத்தி கடைசி பில் நம்பரை யூனிட்ல இருக்கற புக்கோட ஒத்துப் பாத்துடறேன், ஓனரே ஃபோன்ல நம்பர் படிப்பார். அண்ணன் குடுத்த டெக்ஸ்ட் ஃபைல்லயும் ஒவ்வொரு லைனுக்கும் மேல எந்த ஷெல், எந்த எஸ்எஸ்ஹெச் வெர்ஷன்ல ஓட்டிப் பாத்ததுன்னு எழுதி வச்சிட்டேன்.